முதல் டல்சிமர்: அளவு நாடாவும் காதும்

வயலின் வாங்கப் போகிறவருக்கு ஒரு நிம்மதி உண்டு. எந்த ஊரில், எந்தப் பட்டறையில் செய்ததானாலும் முழு அளவு வயலினின் நீளமும் தந்தி எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். மவுண்டன் டல்சிமர் வாங்குகிறவருக்கு அந்த நிம்மதி கிடையாது. தந்திகள் மூன்று இருக்கலாம், நான்கு இருக்கலாம், ஆறும் இருக்கலாம். தந்தியின் அதிரும் நீளம் 25 அங்குலத்தில் தொடங்கி 30 அங்குலம் வரை போகும். ஒன்று இடை சிறுத்த உடலோடு இருக்கும், இன்னொன்று கண்ணீர்த்துளி வடிவில் ஒரு முனை பருத்திருக்கும், மற்றொன்று வெறும் நீள்பெட்டியாக இருக்கும். மெட்டுகளின் எண்ணிக்கையில்கூட ஒற்றுமை இல்லை. புதியவர் இத்தனை வகைகளைப் பார்த்துத் திகைத்து, கடைசியில் கண்ணுக்கு அழகாக இருப்பதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்த அழகான கருவி சுருதி சேராமல் போனால், தனக்குத்தான் இசை வரவில்லை என்று எண்ணி விட்டுவிடுகிறார். இது என்னை வருத்துகிற விஷயம். ஏனென்றால் தந்தி வாத்தியங்களில் முதல் நாளிலேயே ஒரு பாட்டை வாசிக்க வைக்கிற கருவி இதைப்போல வேறு அதிகம் இல்லை.

கருவி எளிமையானது. நீண்டு ஒடுங்கிய ஒரு மரப்பெட்டி. அதன் நடுவே மேடுபோல ஓடும் மெட்டுப் பலகை. மடியில் கிடத்தி, வலக்கையால் மீட்டி, இடக்கையால் மெட்டை அழுத்துகிறோம். வாசிப்பவருக்கு அருகில் உள்ள தந்தியில் பாட்டு நடக்கும்; மற்றத் தந்திகள் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். தம்புராவின் சுருதியில் காது பழகியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதே இல்லை. சிறு சுத்தியல்களால் தட்டி வாசிக்கும் இன்னொரு டல்சிமரும் உண்டு. அது சந்தூரின் உறவு; இந்தக் கட்டுரைக்கு அதனோடு வேலையில்லை.

இத்தனை வடிவங்கள் ஏன் என்பதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. ஜெர்மானிய நாடுகளில் ஷைட்ஹோல்ட் என்றொரு ஒடுங்கிய பெட்டிக் கருவி இருந்தது. மிக்கேல் பிரேடோரியஸ் 1619இல் தம்முடைய இசைக்கருவி நூலில் அதை வருணிக்கிறார்; நாடோடிகளின் கருவிகளோடு சேர்க்கத்தக்கது என்கிறார். நார்வேயின் லாங்கலைக், சுவீடனின் ஹும்மல், பிரான்சின் வோஜ் மலைப்பகுதியில் வாசிக்கப்படும் எப்பினெட் எல்லாம் அதே குடும்பம். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களோடு ஷைட்ஹோல்ட் கடல் கடந்தது; ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கி, ஸ்காட்டிஷ், ஐரிஷ், ஆங்கிலேயக் குடியேறிகளின் கதைப்பாடல்களுக்குத் துணையாயிற்று. அந்தப் பயணத்தில்தான் பெட்டி அகன்று, மெட்டுப் பலகை தனியே மேலெழுந்து, இன்றைய டல்சிமர் உருவானது.

செய்தவர்கள் உழவர்கள், தச்சர்கள். கென்டக்கியின் நாட் கவுன்டியில் 'அங்கிள் எட்' தாமஸ் 1871 முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இடை சிறுத்த டல்சிமர்களைச் செய்து வண்டியில் கொண்டுபோய் விற்றார். வர்ஜீனியாவின் கேலக்ஸ் பகுதியில் பருமனான கண்ணீர்த்துளி வடிவம் வளர்ந்தது; அங்கே நான்கு தந்திகளையும் ஒரே சுரத்தில் சேர்த்து வேகமாக வாசிப்பார்கள். டென்னசியின் ஒரு பகுதியில் கனத்த செவ்வகப் பெட்டி. ஒவ்வொரு மலைமடிப்பிலும் ஓர் அளவு. பெரிய தொழிற்சாலை ஒன்று நுழைந்து எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. வாங்குபவருக்கு அது தலைவலி. கருவியின் உயிர்ப்புக்கு அது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

மலைகளுக்கு வெளியே இதைக் கொண்டுபோனவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜீன் ரிச்சி (1922–2015). கென்டக்கியின் வைப்பர் என்ற சிற்றூரில், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்து, தந்தையின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். நியூயார்க்குக்குப் போனபோது டல்சிமரும் கூடவே போயிற்று. 1963இல் அவர் வெளியிட்ட டல்சிமர் நூலைப் பார்த்து ஒரு தலைமுறையே கற்றது. பாடகர் ரிச்சர்ட் ஃபரீன்யா டல்சிமரைத் தாளக் கருவிபோல முடுக்கினார். பாடகி ஜோனி மிட்செல் 1971இல் வந்த 'புளூ' தொகுப்பில் பல பாடல்களை அதை வைத்தே அமைத்தார். நாஷ்வில்லில் டேவிட் ஷ்னாஃபர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக இசைப்பள்ளியில் டல்சிமர் கற்பித்தார். கென்டக்கி 2001இல் இதை மாநில இசைக்கருவியாக அறிவித்தது.

முதல் கருவி பற்றிய கருத்து மோதல்கள் எல்லாம் மலைகளின் பழைய வாசிப்புக்கும் வெளியே வளர்ந்த புதிய வாசிப்புக்கும் இடையிலான மோதல்தான். மலைக்காரர்களின் பழைய வாசிப்பில் இடக்கையில் ஒரு சிறு குச்சி இருக்கும். அதை நோட்டர் என்பார்கள். அதைப் பாட்டுத் தந்தியின்மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். வலக்கையில் வாத்து அல்லது வான்கோழி இறகின் தண்டு. இந்த வாசிப்புக்கு மெட்டு ஒரு தந்திக்குக் கீழே இருந்தால் போதும். பழைய கருவிகள் பலவற்றில் வளைத்து அடித்த கம்பிதான் மெட்டு. அது பலகையின் பாதி அகலத்துக்கு மேல் போகாது. 1960களுக்குப் பின் கிதார் பழகிய இளைஞர்கள் மூன்று தந்திகளையும் விரல்களால் அழுத்தி, சுரக்கூட்டுகளாக வாசிக்கத் தொடங்கினார்கள். அதற்கு மெட்டு முழு அகலத்துக்கும் ஓட வேண்டும், தந்தி தாழ்ந்திருக்க வேண்டும், மெட்டுகளுக்கு இடையிலான தூரம் விரல் எட்டும் அளவில் இருக்க வேண்டும். நோட்டர் வழியைப் போற்றுகிறவர்கள் நீளமான, உரத்த கருவியைச் சிபாரிசு செய்வார்கள். விரல் வழிக்காரர்கள் குட்டையானதைச் சொல்வார்கள். இருவரும் தத்தம் வாசிப்பில் நின்று உண்மையைத்தான் சொல்கிறார்கள். புதியவருக்கோ தம் வழி எது என்று இன்னும் தெரியாது.

அதனால் இரண்டு வழிக்கும் இடம் கொடுக்கிற கருவியே முதல் கருவியாக வேண்டும் என்பது என் தீர்ப்பு. முழு அகல மெட்டு கட்டாயம். நீளம் 26 முதல் 27½ அங்குலத்துக்குள் இருக்கட்டும். இந்த ஓரிரு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 28 அங்குலக் கருவியில் முதல் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 4 அங்குலம். 25 அங்குலக் கருவியில் மூன்றரை அங்குலம். சிறிய கைகளுக்கும், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அந்த அரை அங்குலமே வாசிப்பதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானித்துவிடும். அதே சமயம் மிகக் குட்டையான கருவியில் கீழ்ச்சுரத் தந்தி தொய்ந்து, ஒலி மங்கும். தடிமனான தந்தி போட்டு ஓரளவு சரிசெய்யலாம், முழுமையாகச் சரியாகாது.

இனி மெட்டுகள். இதுதான் நம் வாசகர்களுக்கு மிகவும் சுவையான பகுதி. டல்சிமரில் மெட்டுகள் அரைச்சுரத்துக்கு ஒன்றாக இல்லை. ஓர் ஏழு சுரப் பாலைக்கு மட்டுமே இருக்கின்றன. தந்திகளை டி-ஏ-டி என்று, அதாவது இரண்டு கட்டைச் சுருதியில் ஸ-ப-ஸ என்று சேர்த்து, திறந்த தந்தியிலிருந்து ஏழாம் மெட்டு வரை வரிசையாக அழுத்தினால் கிடைப்பது அப்படியே ஹரிகாம்போதி. அதே மெட்டுகளில் மூன்றாம் மெட்டை ஸட்ஜமாகக் கொண்டால் சங்கராபரணம். நான்காம் மெட்டிலிருந்து கரகரப்பிரியா. முதல் மெட்டிலிருந்து நடபைரவி. மலைக்காரர்கள் பாட்டுத் தந்தியின் சுருதியை மாற்றி மாற்றிச் சேர்த்து இந்தப் பாலைகளுக்குள் போய்வந்தார்கள். பழைய பாணிக்காரர்கள் பெரிதும் வைத்துக்கொள்ளும் டி-ஏ-ஏ சேர்க்கை சங்கராபரணத்துக்கு. சோகப் பாடல்களுக்கு டி-ஏ-சி. கிரகபேதம் என்றும், யாழில் பண்ணுப்பெயர்த்தல் என்றும் நாம் படிக்கிற அதே தத்துவம் அந்த மலைகளில் எழுத்தில்லாமல் புழங்கியிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டி-ஏ-டி சேர்க்கையில் திறந்த தந்தியிலிருந்தே சங்கராபரணம் வாசிக்க வேண்டுமென்றால் காகலி நிஷாதம் வேண்டும். ஆறாம் மெட்டு கைசிகி நிஷாதத்தைத்தான் தரும். அதற்காக ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையே ஒரு மெட்டைச் சேர்த்தார்கள். ஆறரை மெட்டு என்று அதற்குப் பெயர். பழமைவாதிகள் சிலர் அதை விரும்புவதில்லை. ஆனால் இன்று பாடப்புத்தகங்களும் வகுப்புகளும் பெரும்பாலும் அதை எதிர்பார்க்கின்றன. வேண்டாதவர் அதைத் தாண்டிப் போய்விடலாம். இல்லாதவருக்கு அதைப் பொருத்துவது மரவேலை. ஆகவே ஆறரை மெட்டு இருக்கட்டும். அதேபோல ஒன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே வைக்கும் ஒன்றரை மெட்டு இல்லாவிட்டால் குறையில்லை.

பன்னிரண்டு சுரங்களுக்கும் மெட்டு வைத்த டல்சிமரும் விற்கிறது. கர்நாடக இசை தெரிந்தவருக்கு அதன்மேல்தான் முதலில் கண் போகும். நியாயமும் இருக்கிறது: சாதாரண டல்சிமரில் மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபத்துக்கு மெட்டே இல்லை. ஆனாலும் முதல் கருவியாக அதை நான் சொல்ல மாட்டேன். மெட்டு குறைவாக இருப்பதால்தான் புதியவரின் விரல் அபஸ்வரத்தில் விழுவதில்லை. முதல் நாளே பாட்டு வருவதன் ரகசியம் அது. இருக்கிற மெட்டுகளிலேயே விருந்து இருக்கிறது. திறந்த தந்தி, பின் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு என்று போனால் மோகனம். இரண்டை விட்டு மூன்றைச் சேர்த்தால் சுத்த சாவேரி. ஐந்தை விட்டு ஆறைச் சேர்த்து, ஒன்று, மூன்று, நான்கு, ஆறு என்று போனால் மத்தியமாவதி. 1916க்கும் 1918க்கும் இடையே அந்த மலைகளில் நடந்து பாட்டுச் சேகரித்த செசில் ஷார்ப் அங்குள்ள பாடல்களில் பல ஐந்து சுரங்களில் அமைந்தவை என்று குறித்தார். அந்தப் பாடல்களும் நம் காதுக்கு அந்நியமாக இரா.

வாங்கும்போது செய்ய வேண்டிய முதல் சோதனை, மெட்டுகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பது. வீணையில் மெட்டு மெழுகில் நிற்கிறது. பிசகினால் மெழுகைத் திருத்தி மறுபடி வைக்கலாம். டல்சிமரில் மெட்டு மரத்தில் அறுத்த வெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. தவறான வெட்டுக்கு மலிவான மருந்து இல்லை. நல்லவேளையாக இதைக் கண்டுபிடிக்க அளவு நாடா ஒன்று போதும். தந்தி அதிரத் தொடங்கும் முனையிலிருந்து குதிரை வரை அளந்துகொள்ளுங்கள். அதன் சரிபாதியில் ஏழாம் மெட்டு இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கில் நான்காம் மெட்டு, நான்கில் ஒரு பங்கில் மூன்றாம் மெட்டு. 27 அங்குலக் கருவி என்றால் ஏழாவது 13½ அங்குலத்தில், நான்காவது 9 அங்குலத்தில், மூன்றாவது 6¾ அங்குலத்தில். அழுத்தும்போது தந்தி சற்று இழுபடுவதை ஈடுகட்டக் குதிரையை ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைப்பது வழக்கம். அந்த அளவு வித்தியாசம் தவறல்ல. அதற்கு மேல் போனால் கருவியை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பிறகு காது. ஏழாம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மேல் ஸட்ஜம் மணியோசைபோல எழும். அதே மெட்டை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். அழுத்தின சுரம் ஏறிக் கேட்டால் குதிரை தவறான இடத்தில் இருக்கலாம், அல்லது தந்தி பலகையிலிருந்து மிக உயரத்தில் இருக்கலாம். குதிரை நகரக்கூடியதா என்று பாருங்கள். நகர்ந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தந்தியின் உயரத்தைப் பற்றிப் புதியவர்களிடம் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. ஏழாம் மெட்டின் உச்சிக்கும் தந்திக்கும் இடையே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அமெரிக்காவில் ஐந்து சென்ட் நாணயத்தை அந்த இடைவெளியில் வைத்துப் பார்ப்பார்கள். தந்தி நாணயத்தை உரசினாற்போல் இருக்க வேண்டும். உயரம் அதிகமானால் விரல் நோகும், சுரமும் ஏறும். மிகக் குறைந்தால் தந்தி மெட்டில் பட்டு இரையும். உயரத்தைத் திருத்துவது சிறு வேலைதான். அந்தச் சிறு வேலை செய்யப்படாமலே எத்தனையோ கருவிகள் விற்பனைக்கு வருகின்றன.

இணையச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இறக்குமதிக் கருவிகள் பற்றிய சர்ச்சையும் இதையொட்டியதே. பல நாட்டுக் கருவிகளையும் ஒரே கூரையின்கீழ் செய்கிற ஆலைகளில் டல்சிமரும் ஒரு வரிசை. வழவழப்பும் செதுக்கலும் குறைவிருக்காது. மெட்டு தப்பியிருக்கும், தந்தி உயர்ந்திருக்கும், பிரடை வழுக்கும். அனுபவசாலிகள் இவற்றை 'டல்சிமர் வடிவப் பொருள்' என்று ஒதுக்கிவிடுவார்கள். எல்லாமே மோசம் என்று சொல்வது நியாயமல்ல. நன்றாக அமைந்ததும் நடுநடுவே கிடைக்கும். ஆனால் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பழகிய கை வேண்டும். முதல்முறை வாங்குகிறவரிடம் இல்லாதது அதுதான். நேரில் அளக்க முடியாத பட்சத்தில் இந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

பணம் குறைவென்றால் அட்டை டல்சிமர் இருக்கிறது. பெயரைக் கேட்டு இளக்காரமாக எண்ண வேண்டாம். உடல் மடிப்பு அட்டை. மெட்டுப் பலகை நல்ல மரம், மெட்டுகள் அளந்து அறுத்தவை. அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களே இதை ஒட்டிச் செய்து வாசிக்கிறார்கள். விலையும் குறைவுதான். ஒலி சற்று மெல்லியது, ஆனால் சுருதி சுத்தம். செதுக்கல் நிறைந்த சந்தன நிறப் பெட்டியையும் இதையும் பக்கத்தில் வைத்து, எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் அட்டையை எடுப்பேன்.

சில நூறு டாலர் செலவிட முடிந்தவர்கள் டல்சிமரையே தொழிலாகக் கொண்ட பட்டறைகளுக்குப் போகலாம். அர்கன்சாஸின் மவுண்டன் வியூவில் இயங்கும் மெக்ஸ்பேடன், இந்தியானாவின் ஃபோக்கிராஃப்ட் போன்ற பெயர்களை வாசிப்பவர்கள் அடிக்கடி சொல்வார்கள். இவை தவிர ஒற்றை ஆளாக வேலை செய்யும் கைவினைஞர்கள் பலர் உண்டு. கென்டக்கியின் ஹோமர் லெட்ஃபோர்ட் (1927–2006) தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் செய்தார். இத்தகைய பட்டறைக் கருவிகள் பழையதாகவும் கைமாறுகின்றன. பத்து, இருபது வருடம் வாசிக்கப்பட்ட நல்ல டல்சிமர் புதியதைவிடச் சில வேளை மேல். மரம் நிலைத்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும். நூறாண்டுப் பழமையான கருவி மட்டும் வேண்டாம். அது அருங்காட்சியகத்துக்கும் சேகரிப்பாளருக்கும் உரியது.

மரமும் வடிவமும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வால்நட் மென்மையாக ஒலிக்கும், செர்ரி தெளிவாக ஒலிக்கும், மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்றால் பளிச்சென்றிருக்கும் என்பதெல்லாம் ஓரளவு உண்மை. தொடக்கத்தில் அது காதுக்குப் பிடிபடாது. ஒட்டுப்பலகையானாலும் குற்றமில்லை, ஈரப்பதம் ஏறி இறங்கும் ஊர்களில் அது வெடிக்காமல் நிற்கும். சென்னைக் காற்றில் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு இது ஒரு சாதகம்.

பிரடையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மரப்பிரடை பார்க்க அழகு. மழைக்காலத்தில் இறுகும், வெயிலில் நழுவும். கிதாரில் உள்ளதுபோலப் பற்சக்கரம் வைத்த பிரடை இருந்தால் புதியவர் பாதி நேரத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழிக்க வேண்டியிராது. நான்கு தந்திக் கருவி என்றால் பாட்டுத் தந்தி இரட்டையாக இருக்கும். ஒலி கூடும், ஆனால் இரண்டையும் துல்லியமாக ஒன்றாகச் சேர்ப்பது தொல்லை. ஒன்றைக் கழற்றிவிட்டு மூன்றாக வாசிக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். தந்தியின் முனை வளையமா, குண்டா? வளையமுனைத் தந்தி நம் கடைகளில் கிடைப்பது அரிது. குண்டுமுனைத் தந்தி ஏற்கும் கருவியானால் உள்ளூர்க் கடையில் வாங்கும் கிதார் தந்திகளே போதும்: பாட்டுக்கும் நடுவுக்கும் 12 எண் வெறுந்தந்தி, கீழ்ச்சுரத்துக்கு 22 அல்லது 24 எண் சுற்றுத்தந்தி.

டென்னசி, வட கரோலினா, வர்ஜீனியா பக்கம் வாழும் தமிழர்களுக்கு வாய்ப்பு இன்னும் நல்லது. டல்சிமர் வாசிப்பவர்கள் கூடும் சங்கங்கள் அங்கே பல ஊர்களில் உண்டு. வாங்கும் முன் அங்கே போய், மூன்று நான்கு கருவிகளை மடியில் வைத்துப் பாருங்கள். கை எட்டும் நீளம் எது என்பதை எந்த நூலும் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். தபாலில் வரவழைப்பவர்கள் அதிரும் நீளம், ஆறரை மெட்டு, ஏழாம் மெட்டில் தந்தியின் உயரம், தந்தியின் முனை என்ற நான்கையும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத, அல்லது விரும்பாத விற்பனையாளரிடம் எவ்வளவு அழகான டல்சிமர் இருந்தாலும் வாங்காதீர்கள்.